தருவைகுளம் உப்பும் காஞ்சனபுரி கல்லறைகளும்

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகரத்தைத் தாண்டியதுமே உப்பளங்கள் வந்துவிடும். பாத்தி பாத்தியாகக் கடல்நீர், வரப்போரம் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரம், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான். அதில் பெரும்பங்கு இந்தக் கரையில் விளைகிறது.

அந்தச் சாலையில்தான் தருவைகுளம் இருக்கிறது. மழைத் தண்ணீர் பரந்து தேங்கும் பள்ளத்தை இந்தப் பக்கம் ‘தருவை’ என்பார்கள். ஆனால், ஊரின் பிழைப்பு முழுக்கக் கடலை நம்பித்தான். கரையில் வரிசையாகப் படகுகள், மணலில் வலை பிரித்துச் சரிபார்க்கும் ஆண்கள். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்கள் இங்கே அதிகம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இந்தக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் அன்று மாலை கல்லறைத் தோட்டங்கள் நிறைந்துவிடும். முந்தின நாளே புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பார்கள். பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தி. பெரியவர்கள் பிள்ளைகளிடம், “இது தாத்தா, இது பெரியத்தை” என்று பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.

கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காமல் போனால் அந்த வீட்டின் துக்கம் எப்படிப்பட்டது என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். மெழுகுவத்தியை எங்கே ஏற்றுவது?

உப்பும், பெயர் எழுதிய ஒரு கல்லறையும். தருவைகுளத்தில் கண்ணில் படும் இந்த இரண்டுமே ஒரு பழைய போர்க்கதைக்கு நடுநாயகம். அந்தக் கதை நடந்த இடம் வங்காள விரிகுடாவுக்கு அப்பால், அன்று சயாம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்துக் காடு. அதில் வருபவர்கள் ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவ வீரர்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே செத்து விழுந்த ஆயிரமாயிரம் தமிழர்கள்.

ஆம்புலன்ஸ் என்றால் வண்டி மட்டுமல்ல

ராணுவத்தில் ‘ஃபீல்டு ஆம்புலன்ஸ்’ என்பது ஒரு வண்டியின் பெயர் அல்ல, ஒரு படைப்பிரிவின் பெயர். டாக்டர்கள், காயத்துக்குக் கட்டுப்போடுகிறவர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள், சமையல்காரர்கள், ஓட்டுநர்கள் என்று இருநூறு பேருக்கும் மேல் அதில் இருப்பார்கள். கையில் செஞ்சிலுவைப் பட்டை கட்டியிருக்கும். குண்டு விழும் இடத்திலிருந்து காயம்பட்டவரைத் தூக்கி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்துவைப்பதுதான் வேலை.

இரண்டாம் உலகப்போரில் ஆஸ்திரேலியாவின் 8ஆவது டிவிஷன் மலேயாவைக் காக்க வந்தது. அதனுடன் வந்தவற்றில் ஒன்று 2/10ஆவது ஃபீல்டு ஆம்புலன்ஸ். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. காயத்துக்குக் கட்டுப்போட்டவர்களும் போர்க்கைதிகள் ஆனார்கள். அந்தப் பிரிவைச் சேர்ந்த டாக்டர்களில் ஒருவர் கேப்டன் ராய் மில்ஸ்.

பர்மாவுக்குத் தரைவழியே ஆயுதமும் அரிசியும் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு ரயில் பாதை வேண்டியிருந்தது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து 7,000 கைதிகள் ‘எஃப்’ படை என்ற பெயரில் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் ஆஸ்திரேலியர்கள். சரக்கு ரயிலில் அடைத்துக் கொண்டுபோய், பிறகு சுமார் 300 கிலோமீட்டர் இரவு இரவாக நடக்கவைத்தார்கள். அவர்களில் லெஃப்டினன்ட் கர்னல் பாண்டு தலைமையில் போன 700 பேருக்கு மருத்துவர் ராய் மில்ஸ். அந்த நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னாளில் புத்தகமாக வந்தது.

ஒரு டாலர் கூலி

அதே பாதையில் இன்னொரு கூட்டமும் இருந்தது. ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து மலேயா போய், ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலையும் நின்றது. நாளுக்கு ஒரு டாலர் கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். ஆள் போதாதபோது பிடித்தும் போனார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி ஏற்றிப்போன கதையும் உண்டு. சிலர் மனைவி மக்களோடு போனார்கள்.

பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர் என்று சுமார் இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1943 மே மாதம், மழை தொடங்கும் நேரம். கொன்கொய்தா என்ற இடத்தில் கைதிகளின் அணிகள் தொழிலாளர் முகாமுக்கு மிக அருகில் தங்கவைக்கப்பட்டன. அந்த முகாமில் காலரா. சில நாட்களில் அது கைதிகளிடமும் பரவியது.

காலரா கொல்வது தண்ணீரை உறிஞ்சித்தான். வாந்தியிலும் பேதியிலும் சில மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீரும் உப்பும் உடம்பை விட்டுப் போய்விடும். கன்னம் ஒட்டி, குரல் கம்மி, நாடி அடங்கும். போன உப்பையும் நீரையும் திரும்ப ஏற்றினால் ஆள் பிழைப்பார். ஆனால், காட்டில் சலைன் பாட்டில் ஏது?

அந்த ரயில் பாதை நெடுக மருத்துவ வீரர்கள் கையில் கிடைத்ததை வைத்து சலைன் செய்தார்கள். சமையல் உப்பு, காய்ச்சி வடிகட்டிய தண்ணீர், ஸ்டெதஸ்கோப்பிலிருந்து கழற்றிய ரப்பர் குழாய், கூர் சீவிய மூங்கில். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்பது கிராம் உப்பு. இன்று ஆஸ்பத்திரியில் தொங்கும் நார்மல் சலைனின் அளவும் அதுதான். உப்பளக் கரையில் காலில் மிதிபடும் பொருள், அங்கே ஒரு கைப்பிடிக்கு ஓர் உயிர் என்ற விலை.

அதைவிட அதிகம் பேரைக் காப்பாற்றியது கட்டுப்பாடு. தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, சாப்பிடும் தட்டைக் கொதிநீரில் முக்கியெடுத்த பிறகே சோறு, கழிப்பிடம் தனி, ஈ மொய்க்க விடக்கூடாது. பட்டினியில் கிடந்தவர்களிடம் இதைத் தினமும் வற்புறுத்த கைதிகள் பக்கம் அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். அப்படியும் ‘எஃப்’ படையில் சுமார் 3,100 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியர் மட்டும் ஆயிரத்துக்கும் மேல்.

தொழிலாளர் முகாமில் அப்படிச் சொல்ல யாருமில்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள், கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அதன் பிறகுதான் ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்த கைதிகளில் மருத்துவ ஆட்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1943 ஜூனில் ‘கே’ படை 230 பேர், ஆகஸ்டில் ‘எல்’ படை 115 பேர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய டாக்டர்களும் மருத்துவப் பணியாளர்களும் சில முகாம்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து கொடுத்தது அப்படித்தான். மருந்தும் குறைவு, ஆளும் குறைவு, வந்ததும் தாமதம்.

1943 அக்டோபர் 17 அன்று இரு பக்கத்துத் தண்டவாளங்களும் அதே கொன்கொய்தாவில் வந்து சேர்ந்தன.

புல்வெளியும் நடுகல்லும்

இன்று பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் ரயிலேறினால் காஞ்சனபுரிக்குப் போகலாம். குவாய் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பாறையை ஒட்டி நிற்கும் மரப்பாலத்தில் ஊர்ந்து, நாம் தோக் வரை அந்தப் பாதையில் ரயில் ஓடுகிறது. அதற்கு மேல், கைதிகள் மலையைக் குடைந்த ‘ஹெல்ஃபயர் பாஸ்’ பள்ளத்தில் ஆஸ்திரேலிய அரசு அமைத்த அருங்காட்சியகம் இருக்கிறது. ஏப்ரல் 25 விடியற்காலையில் அங்கே ஆஸ்திரேலியர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

காஞ்சனபுரி நகருக்குள்ளேயே போர்க்கல்லறைத் தோட்டம். வெட்டிச் சீராக்கிய புல்வெளியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. சிலவற்றின் கீழே வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. இது தானாக நடந்துவிடவில்லை. முகாம்களில் கைதிகள் யார், எங்கே, எப்போது இறந்தார் என்ற விவரத்தை ஒளித்து ஒளித்து எழுதிவைத்தார்கள். போர் முடிந்ததும் 1945இல் ஒரு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை முழுக்கத் தேடிப் போய் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது.

தொழிலாளர்களின் பெயரை யாரும் எழுதவில்லை. இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். காஞ்சனபுரியில் 1990இல் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன.

அந்தப் புல்வெளிக்கு அருகிலேயே வாட் தாவோர்ன் வராரம் என்ற புத்த ஆலயம். போருக்குப் பின் சேகரித்த தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே ஒரு நினைவுத் தூணுக்கு அடியில் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் அந்தத் தமிழர்களின் நினைவாக அங்கே ஒரு நடுகல்லும் வைக்கப்பட்டிருக்கிறது. போரில் மாண்டவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். சப்பாத்திலோ துப்பாக்கியிலோ கை வைக்காமல், மண்வெட்டியும் கூடையுமாகப் போரில் செத்தவர்களுக்கு அது எண்பது வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போகிற தமிழர்கள் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். புல்வெளிக்கும் போகலாம், அதையடுத்த ஆலயத்துக்கும் போகலாம். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான்.

தருவைகுளக் கரையில் கல்லறைத் திருநாள் இருட்டும்போது மெழுகுவத்திகள் கடற்காற்றில் அணைந்து அணைந்து எரியும். குடும்பத்தார் எல்லாருக்கும் ஏற்றி முடித்த பிறகு, நினைக்க ஆளில்லாத ஆன்மாக்களுக்கென்று ஒரு ஜெபம் சொல்வது வழக்கம். வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பெயர் தெரியாமல் கிடப்பவர்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.