வீட்டோடு மலையேறினோம்

கோடை பிறந்துவிட்டால் வேலூர்க்காரர்களுக்கு இரண்டே யோசனைகள்தாம். ஒன்று, மலைக்குப் போவது. மற்றொன்று, மலைக்குப் போக முடியவில்லையே என்று வருந்துவது. எங்களைச் சுற்றிக் குன்றுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வட்டியோடு திருப்பித் தருகிற வகையைச் சேர்ந்தவை. நாங்கள் குடியிருக்கும் கணியம்பாடி, வேலூருக்குத் தெற்கே திருவண்ணாமலைச் சாலையில் உள்ளது. அங்கேயும் இதே கதிதான். அக்கினி நட்சத்திரம் தொடங்கியபின் வீட்டுச் சுவரைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்டது போலிருக்கும்.

எங்கள் குடும்பத்தில் இப்போது ஆள் இருவர். ஒரு பாதி, ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் பதனிடும் சாலையில் (டானரி என்றால்தான் எங்கள் சீமையில் புரியும்) 34 வருஷம் கணக்கு எழுதிய பாதி. மற்றது, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த பாதி. 38 வருஷ இல்லற வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து செய்த வெளியூர்ப் பிரயாணங்கள் யாவும் கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போனவை. பூப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாளும் படி இறங்கியதில்லை.

இந்த வருஷம் பூப் பார்க்கத் தீர்மானித்ததும் அன்பர்கள் எல்லோரும் உதகையைச் சொன்னார்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அது நியாயமான உத்தரவு என்பதே எங்கள் அபிப்பிராயம்; மலை தாங்குகிற பாரத்துக்கும் ஓர் அளவு உண்டு அல்லவா? வேறு சிலர் குறிஞ்சியைச் சொன்னார்கள். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு முறை மலர்வது. மூணாற்று மலைகளில் 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்த முறை 2030. அதுவரை காத்திருக்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆயுளைத்தான் கேட்க வேண்டும். ஆகவே, வாசலிலிருந்து பார்த்தாலே மேற்கே நீல வரம்பாகத் தெரியும் எங்கள் சொந்த ஜவ்வாது மலைக்கே போவதென்று முடிவாயிற்று.

தங்குவதற்கு வீட்டையே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று யோசனை சொன்னவன் எங்கள் மகன். பெங்களூரில் அத்தகைய வண்டிகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வண்டிக்குள் இருவர் படுக்கக் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கை கழுவும் பீங்கான், விளக்குக்குப் பாட்டரி எல்லாம் உண்டு. மேல்நாட்டார் இதைத் தங்கள் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்வார்கள். இங்கிலாந்தில் கப்பற்படை வைத்தியராயிருந்து ஓய்வுபெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885-இல் இரண்டு குதிரை பூட்டிய வீட்டு வண்டி ஒன்றைக் கட்டுவித்து ஸ்காட்லாந்து வரை உல்லாசப் பிரயாணம் செய்தார். சரிதான், ஆனால் நம் பாட்டனார்கள் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையும் பித்தளைக் கூஜாவுமாகத் திருவண்ணாமலைத் தீபத்துக்குப் போனார்களே, அதற்கு என்ன பெயர்?

இந்தப் பிரயாணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2021-ஆம் வருஷத்துப் பெருந்தொற்றில் கணக்கெழுதிய பாதிக்கு ஜுரம் வந்தது. ஜுரம் போயிற்று, போகும்போது மூக்கின் புலனையும் கூடவே கொண்டு போயிற்று. பலருக்குச் சில வாரங்களில் திரும்பியது, அவருக்குத் திரும்பவில்லை. மூக்கு தானே என்று நேயர்கள் அலட்சியமாக எண்ணலாம். வாசனை போனால் ருசியில் பெரும்பகுதி போய்விடுகிறது. ரசமும் வெந்நீரும் ஒன்றாகிவிடுகின்றன. மனிதர் இலை முன் உட்காருவதே ஒரு கடமையாகிவிட்டது. நாளடைவில் பேச்சும் குறைந்தது. வைத்தியர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனைகளை நான்கு சிமிழ்களில் வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அந்த வாசனையை மனத்தினால் நினைவுகூர வேண்டும். ஜெர்மனியில் ஆராய்ந்து கண்ட முறை இது. சிலருக்குப் பலன் தருகிறது. வருஷக்கணக்காக அவர் அதைச் செய்துவந்தார். சந்தியாவந்தனம்கூட அவ்வளவு நியமமாக நடந்திராது. அந்தச் சிமிழ்களும் எங்களோடு மலை ஏறின.

கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் என்று சென்று, அங்கே மேற்கே திரும்பினோம். எங்கள் ஊருக்கு அருகில் ஓடும் நாகநதி இந்த மலையில் பிறப்பது. பல வருஷம் வறண்டு மணலாய்க் கிடந்த அந்நதியை, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகள் வெட்டி மீட்டார்கள். அவர்களில் சிலர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதில் எங்களுக்குச் சற்றுக் கர்வம் உண்டு.

அத்திமூரைத் தாண்டியதும் மலைப்பாதை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எதிரே அரசாங்க பஸ் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் தெரியாது. கண்டக்டர் இறங்கி வந்து, "ஒடிச்சு வாங்க சார், இன்னும் ஒடிச்சு, வரட்டும், வரட்டும்" என்று ஒரு சிறு குழந்தைக்கு நடை பழக்குவது போல் எங்களைப் பின்னால் நடத்திச் சென்றார். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக எங்கள் கட்டிலையும் அடுப்பையும் பார்த்து ஆனந்தித்தார்கள்.

பூக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதத்து மலை என்றால் பச்சைப் பசேல் என்று எண்ணிவிடக் கூடாது. இது நீலகிரி அல்ல. பாதிக் காடு இலையுதிர்ந்து வெளுத்திருக்கும். அந்த வெளுப்பின் நடுவே சரக்கொன்றை நிற்பதைக் காண வேண்டும்! இலை ஒன்றுகூட இல்லாமல் கிளைதோறும் பொற்சரம் தொங்குகிறது. சிவபெருமானுக்கு உகந்த பூ என்று நாம் சொல்கிறோம். மலையாளத்தார் விஷுக்கணியில் வைக்கிறார்கள். சயாம் தேசத்தார் தங்கள் தேசிய மலராகவே கொண்டிருக்கிறார்கள். புங்கமரத்தடியில் பொரி இறைத்தாற்போல் பூ உதிர்ந்து கிடந்தது. புளியம்பூவை இதுவரை யாரும் பாராட்டிக் கேட்டதில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் மஞ்சள் இதழில் சிவப்பு நரம்பு ஓடும் அழகு எந்தப் பட்டுப் புடவையிலும் கிடைக்காது. ஒரு திருப்பத்தில் காட்டுமல்லிகையின் மணம் வண்டிக்குள் வந்தது. தமிழாசிரியை அதை எப்படியெல்லாமோ வர்ணித்துப் பார்த்தார். கணக்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெள்ளையாக இருக்கிறது, அது தெரிகிறது" என்றார். அதற்குமேல் வர்ணிக்க நா எழவில்லை.

சந்தன மரம் ஒன்றைக் காட்டினார்கள். ஜவ்வாது மலைச் சந்தனம் பெயர் பெற்றது. திருப்பத்தூரில் அரசாங்கத்துச் சந்தனக் கிடங்கே உண்டு. மணமெல்லாம் வயிரத்தில்தான், பூவுக்கு வாசனை கிடையாது. இதைக் கேட்டதும் கணக்கர் அந்தச் சிறு பூவை வெகு நேரம் கையில் வைத்திருந்தார்.

மலையடிவாரம் முழுவதும் ஆவாரஞ்செடி. தரித்திரப் பூமியிலும் மஞ்சளாய்ச் சிரிக்கிற செடி. அதைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரே மூச்சில் அவ்வளவு பேசினார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோலின் கியாதி எல்லாம் ஆதியில் இந்தச் செடியின் பட்டையால் வந்தது. பட்டையை உரித்து ஊறவைத்த துவர்நீரில் தோல் பதமாகும். பிறகு கடுக்காய் நீரில் முக்கி எடுத்தால் நிறம் தெளியும். கடுக்காய் இந்த மலையிலிருந்தே இறங்கியது. கொன்றைப் பட்டையும் உதவும். அந்தத் தோல் கப்பலேறி லண்டன் சந்தையில் நல்ல விலைக்குப் போயிற்று. பின்னால் தென் ஆப்பிரிக்காவிலிருந்து சீகைப் பட்டை மலிவாக வந்து ஆவாரையைத் தள்ளியது. வாட்டில் என்னும் அந்தச் சீகை மரத்தை நம் நாட்டிலேயே வளர்க்கலாமென்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளில் நட்டார்கள். குறிஞ்சி பூக்கும் புல்வெளிகள்தாம் அவை! ஊருக்கு ஊர் குறிஞ்சியைத் தேடி ஓடுகிறவர்களுக்கு, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட மரம் எங்கள் தோல் தொட்டிக்காகவும் நடப்பட்டது என்பது தெரியாது. 1970-களுக்குப் பிறகு, அரைப் பதத் தோலை அனுப்புவதை அரசாங்கம் கட்டுப்படுத்தவே, குரோம் உப்பு மேலோங்கியது. அதன் கழிவு பாலாற்றில் சேர்ந்த கதை நாடறிந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. "நான் எழுதிய பேரேட்டில் பட்டைக்கு ஒரு பக்கம், குரோமுக்கு ஒரு பக்கம் இருந்தது. ஆற்றுக்குப் பக்கமே இல்லை" என்றார் அவர்.

காப்புக் காட்டுக்குள் இரவு வண்டி நிறுத்தக் கூடாது என்று சோதனைச் சாவடியில் சொல்லியிருந்தார்கள். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரில், மலையாளி என்னும் அம்மலைக்குடியைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் பலாமரத்தடியில் இடம் கிடைத்தது. ரேஷன் வண்டியா, ஆஸ்பத்திரி வண்டியா என்று பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மூதாட்டி உள்ளே ஏறிக் கட்டிலை அழுத்திப் பார்த்து, அடுப்பைத் திருகிப் பார்த்து, "வீட்டை விட்டு வந்தவங்க, வீட்டையும் எதுக்கு இழுத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். இதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. இரவு அவர் வீட்டுச் சாமைச்சோறும் புளிக்குழம்பும் வந்தன. கணக்கர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். ருசி தெரிந்ததா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றிரவு வண்டியை விட்டு வெளியில் பாய் போட்டுப் படுத்தோம். உச்சியில் சித்திரையும் சுவாதியும்; தெற்கே மலை விளிம்பில் திரிசங்கு. இந்த இருட்டுக்காகத்தான் வேணு பாப்பு இம்மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 2.34 மீட்டர் கண்ணாடியுள்ள பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்வித்தார். அது 1986 ஜனவரி 6-இல் திறக்கப்பட்டபோது பார்க்க அவர் இல்லை; 1982-இலேயே காலமாகிவிட்டார். 1988-இல் காவலூரில் கண்டுபிடித்த சிறு கோள் ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். மறுநாள் அந்த வெள்ளை விமானத்தை வெளியிலிருந்தே தரிசித்துவிட்டு, ஆலங்காயம் வழியாக இறங்கினோம். விடைபெறும்போது மூதாட்டி ஒரு பலாப்பழத்தைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டார். வண்டி முழுவதும் அதன் மணம் வியாபித்திருந்தது. ஒரு பாதிக்கு மட்டும்.

வாணியம்பாடியில் பாலாற்றுப் பாலம். கீழே மணலும் முட்செடியும். ஆம்பூர்ச் சாலையில் திரும்பியதும் பழைய பரிச்சயமான நெடி ஒன்று எழுந்தது. அந்தக் காலத்தில் இந்த நெடியோடு அவர் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறத்தில் குளிக்காமல் உள்ளே விடுவதில்லை.

"ஏங்க, உங்கள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றுங்கள்" என்றார் தமிழாசிரியை.

அவர் ஏற்றவில்லை. வண்டியின் வேகத்தைக் குறைத்தார். முகத்தை வெளியே நீட்டினார். டானரி எதுவும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை, நெடுஞ்சுவரும் வேப்பமரங்களும்தான்.

"சுண்ணாம்புத் தொட்டியைத் திறந்திருக்கிறார்கள்" என்றார்.

சாலையோரமாக வண்டியை நிறுத்தினோம். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். கண்ணாடிகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.