மடி கட்டிய மாடும் பழைய பிக்கப்பும்



வட்டிக் கடனில் புது வண்டி எடுப்பதில்லை என்று உறுதியாக நிற்கும் குடும்பங்கள் எங்கள் ஏரியூர்ப் பகுதியில் உண்டு. நகையை விற்றும், உடன்பிறந்தாரிடம் கைமாற்று வாங்கியும் ரொக்கத்தில் பழைய பிக்கப் வாங்குகின்றனர். பென்னாகரம், தருமபுரி என்று காய்கறி ஏற்றிப் பிழைக்கின்றனர். அவ்வண்டி ஆறு மாதத்தில் படுத்துவிட்டால் அக்காவின் வளையல் திரும்பி வராது. ஆகவே மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்தும்போது, ஒட்டகத்தை விட்டுவிட்டு பொலிரோ பிக்கப்பையே எடுத்துக்காட்டாகக் கூறுவது என் வழக்கம்.

விற்கப் போகும் கால்நடையைச் சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம், கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் சேர்த்துத் தர வேண்டும் என்று ஹதீஸில் வந்துள்ளது. இதன் சட்ட விவரத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், அச்செயல் ஏமாற்று என்பதில் வேறுபாடு இல்லை.

பிக்கப்பின் மடி எது? சென்ற ஆண்டு, என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வண்டி பார்க்க என்னையும் அழைத்துச் சென்றார். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. “உங்களுக்காகத்தான் சூடாக்கி வைத்தேன், பாய்” என்றார் விற்பவர். மாணவர் என் காதருகே, “ஹஜ்ரத், நாளைக் காலையில் சொல்லாமல் வருவோம்” என்றார். மறுநாள் குளிர்ந்த எஞ்சின் நெடுநேரம் முக்கித்தான் உயிர்பெற்றது. நீலப் புகை கக்கியது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். கெட்டியான ஆயிலை ஊற்றி இதைச் சில நாள் மறைக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். மூடியின் அடியில் பாலாடை போல் வெண்மை படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கக்கூடும்.

எஞ்சினையாவது பிரித்துச் சரிசெய்யலாம். சேஸிஸ் விரிந்துவிட்டால் செலவுக்கு எல்லையில்லை. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுவதை ஊரே அறியும். கீழே படுத்துப் பார்க்க வேண்டும்: வில்பட்டையில் கூடுதல் தகடு செருகியிருக்கிறதா, பட்டை தாங்கும் இடத்தில் வெல்டிங் தழும்பு உள்ளதா, அடிப்பகுதிக்கு மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் ஏன்? கடற்கரை ஊரில் மீன் ஏற்றிய வண்டியானால் உப்புநீர் இரும்பைத் தின்றிருக்கும். கிளட்சை அறிய ஒகேனக்கல் மலைப்பாதை ஒன்றே போதும்: எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாவிட்டால் வழுக்குகிறது. கிலோமீட்டர் எண்ணைவிட பெடல் ரப்பரின் தேய்வு நம்பத்தக்கது.

“எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல” என்று கூறி விற்றால் செல்லுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஹனஃபி மத்ஹபில் அந்நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில், கால்நடையின் உள்ளே மறைந்திருந்து விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அது உதவும், வண்டிக்கு உதவாது. தெரிந்த குறையை மறைப்பது எந்த மத்ஹபிலும் பாவமே. நிபந்தனை செல்லும் என்பதைப் பிடித்துக்கொண்டு வாய் மூடியிருப்பவரிடம் எனக்கு மரியாதை இல்லை.

ஆவணங்களிலும் குறை ஒளிந்திருக்கும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், அந்நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35 இன்றி முன்பணம் தர வேண்டாம். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுவரை இரண்டாண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றுவது விற்பவருக்கும் காப்பு. பதிவேட்டில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

அம்மாணவர் பின்னர் வேறொரு வண்டி வாங்கினார். அதை விற்ற பெரியவர், நாங்கள் கேட்குமுன்பே, “இரண்டாம் கியர் சில நேரம் விழாது தம்பி” என்றார். மெக்கானிக்கிடம் கேட்டு அச்செலவைக் கழித்து விலை பேசினோம். கியர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வண்டி நாள்தோறும் தக்காளி ஏற்றிச் செல்கிறது.