இல்லை என்று சொல்லாத கெர்னல்

சி மொழி படித்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஓர் ஒழுக்கம் சொல்லித்தரப்படும். மாலாக் கூப்பிட்டு மெமரி வாங்கினால், வந்தது நல் பாயின்ட்டரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் எழுதினேன். லினக்ஸில் அந்தச் சோதனை ஒரு தடவைகூடப் பலித்ததாக நினைவில்லை. மெமரி தீர்ந்து செத்த நிரல்களை மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரணம் லினக்ஸ் கெர்னலின் தாராளம். ஆயிரம் பத்திரிகை கொடுத்துவிட்டு அறுநூறு இலைக்குச் சமைக்கும் கல்யாண வீடு மாதிரி, கேட்பவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிடும். அபத்தமான தொகையைக் கேட்டால்தான் மறுக்கும். நிரல் அந்த இடத்தில் முதன்முதலாக எழுதும்போதுதான் நிஜமான ராம் ஒதுக்கப்படும். அந்த நேரத்தில் ராமும் ஸ்வாப்பும் தீர்ந்திருந்தால் கெர்னலின் ஓஓஎம் கில்லர் கிளம்பும். மதிப்பெண் போட்டு, பெரும்பாலும் அதிகம் தின்ற புராசஸைத் தேர்ந்து, சிக்கில் என்ற சிக்னலை அனுப்பிக் கொல்லும். அந்தச் சிக்னல் வந்துவிட்டால் அதைத் தடுக்க நிரலுக்கு வழியே இல்லை. கேட்டது ஒன்று, செத்தது இன்னொன்று என்றும் ஆகும்.

இந்தத் தாராளத்தைக் கட்டுப்படுத்த ஓர் அமைப்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணம் அதை 2 என்று வைத்து, கெர்னலைக் கறாராக்கச் சொல்கிறது. ரெடிஸோ 1 என்று வை, கேட்டதையெல்லாம் கொடுக்கட்டும் என்கிறது. தரவைச் சேமிக்க அது தன்னையே ஃபோர்க் செய்து நகலெடுத்துக்கொள்வதால் வரும் தேவை. இரண்டும் ஒரே சர்வரில் ஓடினால் நிர்வாகி பாடு திண்டாட்டம்தான்.

விண்டோஸ் சுபாவத்திலேயே கறார். ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவுக்கு மேல் வாக்குக் கொடுக்காது. ஆனால் அதன் மறுப்பும் முடிந்த முடிவல்ல. பேஜ் ஃபைல் வளரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பயர்பாக்ஸ்காரர்கள் இதைக் கண்டுகொண்டு, மறுப்பு வந்ததும் விழுந்துவிடாமல் கணநேரம் காத்திருந்து மறுபடி கேட்கும்படி மாற்றினார்கள். உலாவி சாவது வெகுவாகக் குறைந்ததாக 2022இல் எழுதினார்கள்.

ஒவ்வொரு மாலாக்கையும் சோதித்து மீள வேண்டும் என்பவர்கள் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் காட்டுவார்கள். அதை எழுதுபவர்கள் முதல் மாலாக்கை வேண்டுமென்றே தோற்கடித்து, பிறகு இரண்டாவதை, மூன்றாவதை என்று வரிசையாகச் சோதிக்கிறார்கள். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் எழுதும் மீட்பு வரிகள் ஒருநாளும் ஓட்டிப்பார்க்கப்படாதவை. அவற்றை நம்புவதைவிட, கிட் செய்வதுபோல் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிரல் நின்றுவிடுவதே மேல். சிக்கில் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், பயனரின் வேலையை அவ்வப்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்து, பிறகு பெயர் மாற்றிவைப்பது அதைவிட முக்கியம்.

சோதனை நிஜமாகவே பயன்படுவது பெரிய கோரிக்கைகளில், அதுவும் கெர்னலைக் கேட்பதற்கு முன்பே. ஒரு படக் கோப்பின் தலைப்பகுதி 60,000க்கு 60,000 பிக்சல் என்கிறது. பிக்சலுக்கு நாலு பைட் என்றால் 14.4 ஜிபி. அந்த எண்ணைப் பார்த்ததுமே, ‘படம் மிகப் பெரிது, திறக்க முடியவில்லை’ என்று பயனரிடம் சொல்லிவிட்டு, ஏற்கெனவே திறந்திருக்கும் படங்களைத் தொடாமல் விட்டுவைக்க எந்தக் கெர்னலின் பதிலும் தேவையில்லை.