திரை கறுக்கும்போது பெட்டியைப் பழிக்க வேண்டாம்

கல்யாண மண்டபத்தின் ஒரு கோடியில் கேமராவும் மறுகோடியில் ப்ரொஜெக்டரும் இருக்க, எச்டிஎம்ஐ ஒயரின் நீளம் போதாமையால் கேட்-6 கேபிளின் இருமுனையிலும் எக்ஸ்டெண்டர் பெட்டிகளைப் பொருத்துவது இன்று சர்வ சாதாரணம். ஆயினும் படம் அடிக்கடி கறுத்தாலோ, திரையெங்கும் வெண்புள்ளிகள் மின்னினாலோ, உடனே பெட்டியைப் பழித்து வேறு வாங்கச் சொல்வது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது. ஏனெனில் தோஷம் பெரும்பாலும் கேபிளில்தான்.

கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது செம்புப் பூச்சிட்ட அலுமினியம், 100 மீட்டர் என்று பெட்டியில் அச்சிட்ட வாக்கு அதற்குச் செல்லாது. இதனினும் சூட்சுமமானது ஜோடி மாறிய முனை: எட்டுக் கம்பிகளையும் இரு புறமும் ஒரே வரிசையில், ஆனால் ஜோடிகளைக் கருதாமல் கிரிம்ப் செய்திருந்தால், மலிவான டெஸ்டரில் எட்டு விளக்குகளும் கிரமமாக எரியும், ஆயினும் முறுக்கின் பாதுகாப்பை இழந்த சமிக்ஞை பக்கத்துக் கம்பியில் கசிந்து படத்தைக் குலைத்துவிடும். எச்டிபேஸ்-டி என்னும் முறையில் இயங்கும் எக்ஸ்டெண்டர் பெட்டியை, முனை ஒன்றுபோலிருப்பதால், நெட்வொர்க் ஸ்விட்சில் செருகுவதும் வீண். அது ஈதர்நெட் அன்று.

சந்தேகம் வந்தால் இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து, நல்ல குட்டைக் கேபிளால் இணையுங்கள். படம் நிலைத்து நின்றால் பெட்டி நிரபராதி. சுவருக்குள் போன நீளக் கேபிளின் முனைகளை வெட்டி, தயவுசெய்து நிதானமாக மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.