தேள்கடி மந்திரம்

லீவுக்கு வந்த பேரன் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டாம். பெரிய மந்திரம் என்றால் ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் என்று கணக்கு. 'கேன்ட்ரிப்' என்கிற குட்டி மந்திரத்துக்குக் கணக்கே கிடையாதாம்.

எனக்குப் பூதப்பாண்டியில் இருந்த என் பாட்டா ஞாபகம் வந்துவிட்டது. அவரிடம் இருந்ததும் ஒரே ஒரு குட்டி மந்திரம், தேள்கடிக்கு. நடுராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து, வேப்பங்குலையால் தடவி ஓதுவார். காலணா வாங்கமாட்டார். பெரும்பாலான தேள்கடி வலி தானாகவே அடங்கிவிடும் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

ஒருநாள் ஒரு பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். செந்தேள் கொட்டியிருந்தது. வாந்தி, கொட்டுகிற வேர்வை, சில்லிட்ட கை கால். பாட்டா வேப்பங்குலையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எனக்க கையில நிக்காது மக்கா. நாகர்கோயிலுக்குக் கொண்டு போங்க."

பிள்ளை பிழைத்தது அதிர்ஷ்டம்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இதற்குச் சரியான மருந்து இல்லை. ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற பிரஸோசின் மாத்திரை செந்தேள் விஷத்திலிருந்து உயிரைக் காக்கும் என்று மகாராஷ்டிராவில் மகாட் ஊர் டாக்டர் பவாஸ்கர் காட்டியது 1980-களில்.

குட்டி மந்திரம் ஓதுவதில் தப்பில்லை. அது குட்டி என்பது ஓதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டாவுக்குத் தெரிந்திருந்தது.