மிகச் சிறிய வசனம் எது?

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் ஆலயத்தை ஒட்டிய அறையில் வேத வினாடி வினா பயிற்சி நடக்கும். நான் ஓய்வு பெற்ற மறு மாதமே ஆயர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க? பிள்ளைங்களுக்கு எடுங்களேன்" என்றார். சும்மா இருப்பவனைக் கண்டுபிடிப்பதில் ஆயர்கள் கெட்டிக்காரர்கள். திண்டிவனத்தில் எனக்கு வேறு வேலையும் இல்லை. சரி என்றேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஏழெட்டுப் பேர் வருவார்கள். பரீட்சை மாதங்களில் நாலு பேர்தான். வீட்டுக்காரம்மா அவித்த மல்லாட்டை கொடுத்தனுப்புவார். அது தீர்ந்த பிறகுதான் வேதாகமம் திறக்கும்.

நான் சொல்லப்போகும் வருடத்தில் நியாயாதிபதிகள், ரூத், 1 சாமுவேல் மூன்றும் பாடப்பகுதி. மொத்தம் 56 அதிகாரங்கள். அதோடு பொதுக் கேள்விகள் ஒரு சுற்று. பிள்ளைகளுக்கு எண்களில்தான் தடுமாற்றம். கிதியோனோடு போனவர்கள் 300 பேர், சிம்சோன் பிடித்த நரிகளும் 300. சம்கார் அடித்தது 600 பேரை, பென்யமீன் கோத்திரத்து இடதுகைக்காரர்கள் 700 பேர்.

சம்கார் அந்த 600 பேரை அடித்தது தாற்றுக்கோலால். "தாற்றுக்கோல்னா என்ன சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் காலத்து மாட்டுவண்டிக்காரர்கள் வைத்திருந்த தார்க்குச்சிதான் அது என்றேன். ஏர் பூட்டியதையே பார்க்காத பிள்ளைகளுக்குத் தார்க்குச்சியையும் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. நாம் ஆலயத்தில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு 1871ல் பவர் ஐயர் தலைமையில் முடிந்தது. அன்றைக்கு எல்லா வீட்டிலும் இருந்த பொருள்களுக்கு இன்றைக்கு உரை தேவைப்படுகிறது.

ஒரு வாரம், "சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் எத்தனை முறை கூப்பிட்டார்?" என்று கேட்டேன். எல்லோரும் மூன்று என்றார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும், "நாலு சார். மூணு தடவ ஏலிகிட்ட ஓடினான். நாலாவது தடவதான் பதில் சொன்னான்" என்றான். திறந்து பார்த்தால் அதுதான் சரி. அந்த உற்சாகத்தில் நம்மூர்க் கதையையும் சொன்னேன். 1890களில் இதே திண்டிவனத்து மிஷன் பங்களாவில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஓர் இரவில் மூன்று முறை அழைப்புக் கேட்டார். பிரசவ வேதனையில் கிடந்த மனைவிக்கு உதவி கேட்டு மூன்று பேர் வந்தார்கள். அவர் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900ல் வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. பிள்ளைகள் மல்லாட்டையை மறந்து கேட்டார்கள்.

அந்தப் பையனுக்கு மனப்பாடம் வராது. ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டான். வேதாகமத்தில் மிகச் சிறிய வசனம் யோவான் 11:35 என்று நான் காலங்காலமாகச் சொல்லி வந்ததையும் எண்ணிவிட்டான். "சார், அதுல மூணு வார்த்தை இருக்கு. 1 தெசலோனிக்கேயர் 5:16ல ரெண்டுதான். யாத்திராகமம் 20:13லயும் ரெண்டுதான். எழுத்து கணக்குன்னா 1 நாளாகமம் 1:1 பாருங்க, எட்டே எழுத்து" என்றான். எண்ணிப் பார்த்தேன். அவன் சொன்னது அத்தனையும் சரி.

ஆயரிடம் கேட்டேன். இறையியல் கல்லூரியில் படித்த கிரேக்கத்தைத் தூசி தட்டிப் பார்த்துவிட்டு, "மூலத்துலயும் யோவான்ல மூணு வார்த்தை, தெசலோனிக்கேயர்ல ரெண்டுதான் சார். யோவான் வசனம் இங்கிலீஷ்ல சின்னது. அத அப்படியே தமிழ்ல எடுத்துக்கிட்டாங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் நான் சொன்னதைத்தான் இன்றைக்கும் நினைத்து வெட்கப்படுகிறேன். "இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சிருக்கட்டும். போட்டியில கேட்டா யோவான் 11:35னே சொல்லுங்க. அவங்க பேப்பர்ல அதுதான் இருக்கும்" என்றேன்.

போட்டி வெளியூரில். பொதுச் சுற்றில் அந்தக் கேள்வியே வந்தது. முதலில் போனது ஒரு கிராமத்துச் சபையின் அணிக்கு. ஒல்லியான பெண் ஒருத்தி எழுந்து, "1 தெசலோனிக்கேயர் 5:16" என்றாள். தவறு என்று சொல்லி எங்களுக்குத் தள்ளினார்கள். எங்கள் அணித் தலைவி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் யோவான் 11:35 என்றாள். கைதட்டல், ஐந்து மதிப்பெண்.

பயிற்சியாளர் எழுந்து மேல்முறையீடு செய்ய விதிகளில் இடம் இருந்தது. நான் எழவில்லை. கடைசியில் நாங்கள் இரண்டாம் இடம், அந்தப் பெண்ணின் அணி மூன்றாம் இடம். வித்தியாசம் ஐந்து மதிப்பெண்.

திரும்பும் பஸ்ஸில் மற்றவர்கள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், அந்தக்கா சொன்னது சரிதானே?" "சரிதாம்ப்பா." "அவங்களுக்குப் பத்து குடுத்து நம்ம அஞ்ச எடுத்துட்டா அவங்கதான் ரெண்டாவது." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் அவன் வரவில்லை. அவன் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தேடிக்கொண்டு போனேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். "நான் சொல்லிக் குடுத்தது தப்புடா. அங்கேயே எழுந்து நின்னு சொல்லியிருக்கணும்" என்றேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு பதினாலு வயதுப் பையனிடம் அதைச் சொல்வது சுலபமாக இல்லை. அவன் டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல், "பரவால்ல சார். ஆனா அந்தக்காவுக்கு யாரு சொல்றது?" என்றான்.

அன்றிரவே நடத்தியவர்களுக்கு வசனங்களையும் எழுத்துக் கணக்கையும் காட்டிக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஆயர் மூலம் எண் வாங்கி, அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்த டீச்சரோடு பேசினேன். கோப்பையைக் கொடுத்தனுப்பவா என்று கேட்டேன். "கப்பு வேணாம் சார். அந்தப் பிள்ள வீட்டுக்குப் போயி, தப்பா படிச்சிட்டேன்னு அழுதிருக்கா. நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தேங்க்ஸ் சார், எங்க அம்மாகிட்டயும் சொல்றீங்களா?" என்றாள். அம்மாவிடமும் சொன்னேன்.

பையன் அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டான். அதன்பின் எங்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் வந்தது. பதில் சொன்னவர் வேதாகமத்தைத் திறந்து இடத்தைக் காட்ட வேண்டும், எனக்கும் அதே விதி. இதனால் ஒரு மணி நேரத்தில் நாற்பது கேள்வி போன இடத்தில் பதினைந்துதான் போகிறது. அதற்குப் பிறகு நாங்கள் கோப்பை எதுவும் வாங்கவில்லை.

பையன் இப்போது பிளஸ் டூ. நான் கேள்வியை வாசித்து முடித்ததும் அவன் முதலில் கேட்பது, "எந்த மொழிபெயர்ப்புல சார்?"