நாக்குக்கும் ஒரு நோன்பு

தீபாவளிக்கு முந்திய வாரம் பிரிக்பீல்ட்ஸ் எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துன் சம்பந்தன் சாலை நெடுகக் கூடாரம், பலகாரம், புடவை, ஒலிபெருக்கியில் பாட்டு என்று நடக்கவே இடமிருக்காது. நோன்பு மாதத்தில் அதே சாலை வேறு மாதிரி இருக்கும். அலங்காரம் அதிகம் கண்ணில் படாது. கே.எல். சென்ட்ரலிலிருந்து வெளியே வந்து, மாலை ஐந்து மணிக்கு மேல் நிதானமாக ஒரு சுற்று நடந்தால்தான் மாற்றம் புரியும்.

வேலை முடிந்ததும் அப்படி நடப்பது என் வழக்கம். வானொலியில் அறிவிப்பாளர் வேலை. பேசிக் களைத்த வாய்க்கு இந்த நடை ஓய்வு. நான் ரமலான் நோன்பு வைப்பவன் அல்லன். தைப்பூச விரதமும் புரட்டாசிச் சனியும் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் ஒரு பழக்கத்தை விடுவது எப்படி என்று ஓரளவு புரிந்துகொண்டது இந்தச் சாலையில், நோன்பு மாத மாலைகளில்தான்.

1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்டினார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம் என்பதால் இதற்கு இந்தப் பெயர். பிறகு ரயில்வே வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் தங்கள் சாமியையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1894-இல் தொடங்கிய புத்த மகா விகாரை, ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில், 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம், தேவாலயங்கள், இந்திய முஸ்லிம்களின் சுராவ் எல்லாமே நடந்துபோகும் தூரத்தில். பௌர்ணமிக்குச் சீலம் காப்பவர், தவக்காலம் இருப்பவர், மாலை போட்டவர் எல்லாரும் ஒரே சாலையில் நடக்கிறார்கள். எதையாவது விட்டுவிட்டு இருப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

மூன்று மீட்டருக்கு அப்பால்

உணவகங்களில் புகைபிடிக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. மூன்று மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அதனால் நான் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் மாமாக் கடைக்கு எதிரே, கால்வாய் ஓரம், புகைப்பவர்களுக்கென்றே ஒரு மூலை உருவாகிவிட்டது. மற்ற மாதங்களில் அங்கே எந்நேரமும் நாலைந்து பேர் நிற்பார்கள். நோன்பு மாதப் பகலில் ஒருவரோ இருவரோதான்.

அங்கே நிற்பவர்களில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன். நாளுக்கு ஒரு பெட்டி பிடிப்பவர். “பகல்ல நான் ஜெயிச்சிடுறேன் தம்பி. ராத்திரி அது ஜெயிச்சிடுது” என்று சிரித்தபடி சொன்னார். சிரிக்கிற விஷயம் இல்லை. நெஞ்சு அடைக்கிறது என்று மருத்துவமனைக்குப் போய்வந்தவர் அவர். மகள் இன்னும் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், நோன்பு எந்தப் பருவத்தில் வந்தாலும் 13 மணி நேரத்துக்குச் சற்று மேலேதான். அத்தனை நேரம் சிகரெட் இல்லாமல் இருக்க முடிகிறவருக்கு, பேரீச்சம்பழம் வாயில் கரைவதற்குள் கை ஏன் தீப்பெட்டியைத் தேடுகிறது? நிக்கோட்டின் கிடைக்காத தவிப்பு முதல் சில நாள்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்கிறது மருத்துவம். நோன்பு மாதம் அதற்குப் போதுமான காலம்தான். ஆனால் ராத்திரி ஒன்று பற்றவைத்தால், மறுநாள் தவிப்பு முதலிலிருந்து தொடங்குகிறது.

அண்ணன் சென்ற நோன்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். நோன்பு திறக்கக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு, நேரே சுராவுக்குப் போனார். அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சிய நோன்புக் கஞ்சி, மக்ரிப், கொஞ்சம் ஓய்வு, இஷா, தராவீஹ். வெளியே வரும்போது மணி பத்து. “விடணும்னு தனியா முயற்சி பண்ணலை. அந்த மூலைக்குப் போகலை, அவ்வளவுதான்” என்றார்.

வாய்க்குப் பூட்டு

சிகரெட் கண்ணுக்குத் தெரியும் பழக்கம். தெரியாதது பேச்சு. பொய்யையும் தீய நடத்தையையும் விடாதவர் உணவையும் தண்ணீரையும் மட்டும் விடுவதில் இறைவனுக்குத் தேவை எதுவும் இல்லை என்பது நபிகளாரின் போதனை. யாராவது சண்டைக்கு வந்தால், நான் நோன்பாளி என்று சொல்லிவிட வேண்டும் என்பதும் அவர் காட்டிய வழி.

மாமாக் கடையில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். கல்லாவில் இருக்கும் பாயிடம் ஒருவர் மூன்றாமவரைப் பற்றி ஆரம்பித்தார். பாய் நிமிரவே இல்லை. “நோன்பு, பாய்” என்றார். வந்தவர் ஒரு நொடி தயங்கி, பேச்சை மழைக்கு மாற்றினார். கோபமும் இல்லை, உபதேசமும் இல்லை.

எங்கள் தொழிலில் மூன்று நொடி மௌனம் வந்தாலே கட்டுப்பாட்டு அறையில் பதற்றம் வந்துவிடும். எதையாவது சொல்லி நிரப்ப வேண்டும். இப்போது எல்லாருமே அப்படித்தான் இருக்கிறோம். வாட்ஸ்ஆப் குழுவில் வந்ததை உண்மையா என்று பார்க்காமல் தள்ளிவிடுகிறோம். அந்தப் பாயின் இரண்டு சொல், கட்டை விரலுக்கும் பொருந்தும் என்று தோன்றியது.

பெருநாளுக்குப் பிறகு

ஆறரை மணிக்கு எல்லாருக்கும் பொறுமை குறையும். சிரப் தண்ணீர், பலகாரம், பிரியாணி என்று பைகள் நிறையும். 2023-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பகலில் வயிற்றுக்குக் கொடுத்த ஓய்வை இரவில் சீனியால் ஈடுகட்டினால் என்ன பயன் என்று பள்ளிவாசல் பெரியவர்களே கேட்கிறார்கள்.

நாமும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 48 நாள் விரதம் இருந்து பத்துமலை ஏறிவிட்டு, மறுநாளே மதுக்கடையில் நிற்பவர்களை நமக்குத் தெரியும். புரட்டாசி முடிந்த மறுநாள் ஆட்டிறைச்சிக் கடை வரிசையும் தெரியும். விரதம் பெரும்பாலும் அது முடிந்த மறுநாள்தான் தோற்கிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்தால் நோன்பு மாதம் பாதிதூரம்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ, பெருநாளுக்குப் பிறகு ஷவ்வாலில் மேலும் ஆறு நோன்பு வைக்கும் வழக்கமும், திங்கள் வியாழன் நோன்பும் இருக்கின்றன. தொடங்கியது அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி.

ஷவ்வால் மூன்றாம் வாரம் அண்ணனைப் பார்த்தேன். முழுதாக விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். நாளுக்கு மூன்று என்று குறைத்திருந்தார். அரசு சுகாதார நிலையத்தின் எம்குவிட் சேவையில் பெயர் கொடுத்திருந்தார். ஆறு நோன்பில் நான்கு முடிந்திருந்தது. “மூலைக்கு இன்னும் போகலை” என்றார்.

நோன்பு மாதத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால், சுராவில் கஞ்சி வாங்கிப் பாருங்கள். எந்த மதம் என்று எனக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை. மூடியுள்ள பாத்திரம் கொண்டுபோவது நல்லது. பெருநாள் கழிந்து ஒரு மாதம் ஆனதும் இன்னொரு தடவை போய், அந்தக் கால்வாய் ஓரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நோன்பின் கணக்கு அங்கேதான் தெரியும்.